உத்தியோக இழப்பும் சிறு வியாபாரமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மங்களகரமானதன்று. வேலை போனவரைப் பற்றிச் சபையில் பேசுவதை எவரும் விரும்புவதில்லை. பரீட்சையில் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசளிக்கின்றோம். உத்தியோக உயர்வு பெற்றவர்க்கு மாலை சூட்டுகின்றோம். அவருடைய படத்தை நம் பத்திரிகையிலும் வெளியிடுகின்றோம். அதே அன்பர்க்கு வேலை போயிற்றென்றால் அச்செய்தி எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. அவரும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கின்றார். காலையில் வழக்கம்போல் சோற்றுப் பாத்திரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு புறப்பட்டு, புகைவண்டி நிலையத்திலும் பூங்காவிலும் பொழுதைக் கழித்து, மாலையில் வேலை முடிந்தவர்போல் வீடு திரும்பும் மனிதர்கள் நம் குடும்பங்களிலும் இருந்திருக்கின்றனர் என்பதை இங்கே அமர்ந்திருப்பவர்களிற் சிலராவது அறிவர்.

வேலை போவது நடத்தைக் குறைவால் என்று எண்ணிய காலம் ஒன்றுண்டு. அவ்வெண்ணம் இன்னும் நம்மவர் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் நடந்திருப்பவை வேறு. பெரம்பூரில் நூறாண்டுக்கு மேல் ஓடிய பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை 1996-இல் மூடப்பெற்றது. திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் முதல் தேதியுடன் நின்றது. மறைமலைநகர்ப் போர்டு மோட்டார்த் தொழிற்சாலையை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நிறுத்தினார்கள். கணினித் துறையிலோ, 2025 ஜூலையில் ஒரே பெருங்கம்பெனி 12,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாகச் சொல்லிற்று. இவ்விடங்களிலெல்லாம் நேரந்தவறாமல் வேலைக்கு வந்தவரும் போனார், சோம்பியிருந்தவரும் போனார். ஆலை மூடும்போது ஆளைப் பார்த்து மூடுவதில்லை. ஆதலின் வேலை இழந்தவரை நோக்கி, ‘என்ன செய்தாய்?’ என்று கேட்பதை முதலில் நாம் நிறுத்த வேண்டும். ‘இனி என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்பதிலாவது பொருளுண்டு.

அக்கேள்விக்கு நம்மவர் வாயில் ஆயத்தமாக இருக்கும் விடை, ‘ஒரு கடையைப் போடு’ என்பதே. சொல்பவர்க்கு இது மிகவும் எளிது. அவர் பணமன்று போவது. கடை போடுதல் கூடாதென்று யாம் சொல்லவரவில்லை. பிறர் கையை எதிர்பாராமல் பிழைப்பது மேலான பிழைப்பு. ஆயினும் கணக்குப் பார்க்காமல் கடை போட்ட குடும்பம், வேலையை ஒருமுறையும் சேமிப்பை ஒருமுறையுமாக இருமுறை இழக்கின்றது. முதலிழப்பு கம்பெனிக்காரர் செய்தது. இரண்டாம் இழப்பில் உறவினராகிய நமக்கும் பங்குண்டு. அதனையே முக்கியமாகச் சொல்ல எண்ணுகின்றோம்.

முதலாவது கைக்கு வரும் பணத்தைக் கவனிப்போம். கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடையை ஐந்தாண்டுகளேனும் தொடர்ந்து உழைத்தவர்க்கு, ஆண்டொன்றுக்கு 15 நாட் சம்பள வீதம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட்டுக் கொடுக்க வேண்டுமென்பது 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வகுத்த முறை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ. 26,000 வாங்கிய ஒருவர் 12 ஆண்டு உழைத்திருந்தால் அவருக்கு ரூ. 1,80,000 வரும். இத்தொகையை ஒருமிக்கப் பார்த்திராத குடும்பத்தில் இது பெருஞ்செல்வமாகத் தோன்றுகின்றது. தங்கையின் சீர், பழைய கடன், வீட்டுக்கு மாடி என்று பல குரல்கள் எழுகின்றன. தெருவில் புதிய நண்பர்களும் தோன்றுகின்றார்கள். முதலைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாற் போதும், மாதந்தோறும் வீடு தேடிப் பணம் வருமென்று சொல்பவர்கள் இவர்களே. ஈமு கோழி வளர்ப்பென்று சொல்லிப் பெருந்துறை வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் தொகை வாங்கியவர்களின் நிலை 2012-இல் என்னவாயிற்றென்று நாடறியும். கோழிக்குத் தீனியிடவும் ஆளில்லாமற் போயிற்று.

அந்த ரூ. 1,80,000 முழுவதும் முதலன்று என்பதே எமது முதல் வேண்டுகோள். குடும்பத்துக்கு மாதம் ரூ. 18,000 செலவாகுமென்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடையும் திறந்த அன்றே சோறு போடாது. ஆறு மாதச் செலவையேனும் தனியே எடுத்து வைக்க வேண்டும். அது ரூ. 1,08,000. மிஞ்சுவது ரூ. 72,000. மாதம் ரூ. 6,000 வாடகையில் ஒரு சிறு கடையறை பார்த்தால், கட்டடக்காரர் பத்து மாத முன்பணம் கேட்கின்றார், அது ரூ. 60,000. இன்னும் ஒரு பலகையடிக்கவில்லை; பெயர்ப் பலகை மாட்டவில்லை; சரக்கு ஒரு படி வாங்கவில்லை; கையில் இருப்பது ரூ. 12,000 மாத்திரமே. இந்த இடத்திலேதான் அன்பர்கள் மனைவியின் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகின்றார்கள். அல்லது ஆறு மாதச் சோற்றுப் பணத்தில் கை வைக்கின்றார்கள். வருங்கால வைப்பு நிதியையும் உடைக்கின்றார்கள். வைப்பு நிதியைப் பற்றி எமது அபிப்பிராயம் கண்டிப்பானது. அது முதுமைக்கு உரியது; கண்ணாடி அலமாரிக்கு உரியதன்று.

அப்படியானால் ரூ. 72,000-இல் என்ன செய்வதென்று கேட்பீர்கள். கடையில்லாமல் தொடங்கும் தொழில்கள் பல. தமக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையிலிருந்து அதைத் தேடவேண்டும். கைப்பேசித் தொழிற்சாலையில் பத்தாண்டு நுண்கருவி பிடித்த கை, பழுது பார்க்கும் வேலைக்குப் பாதி பழகிய கை. அவர் ஏன் மளிகைக் கடை வைத்துப் பருப்பின் தரம் தெரியாமல் விழிக்க வேண்டும்? தெரியாத தொழிலில் இறங்குவதானால், கற்றுக்கொண்டு இறங்க வேண்டும். சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பின்னரே இங்கே தொழில் தொடங்கினர். நகரத்தார் கடைகளில் முதலாளி வீட்டுப் பிள்ளையாயினும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்குப் பழகிய பிறகே பொறுப்புக்கு வந்தான். பர்மாவில் 1964-இல் கடைகள் அரசுடைமையாக, உடுத்த துணியோடு கப்பலேறி வந்த தமிழர் பலர், சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்தருகே கடை விரித்துப் பிழைத்தனர். இரங்கூனில் தாம் உண்டு பழகிய அத்தோவை இங்கே தள்ளுவண்டியில் விற்றவரும் உண்டு. அவர்களிடம் பணமில்லை, தெரிந்த பண்டம் இருந்தது.

நிற்க. கணக்கென்று பொதுவாகச் சொன்னாற் போதாது. ஓர் உதாரணம் கொண்டு பார்ப்போம். நம் வட்டாரத்தில் வேலை இழந்தோர் குடும்பங்கள் மிகுதியாக நாடுவது இட்லி மாவு வியாபாரம். 10 கிலோ இட்லியரிசி, கிலோ ரூ. 45 வீதம், ரூ. 450. இரண்டரைக் கிலோ உளுந்து, கிலோ ரூ. 120 வீதம், ரூ. 300. உப்பும் வெந்தயமும் ரூ. 20. ஆக ரூ. 770. விலைவாசி ஏறி இறங்கும். முறையை மாத்திரம் கவனியுங்கள். இதிலிருந்து ஏறக்குறைய 30 கிலோ மாவு கிடைக்கும். கிலோ ரூ. 45-க்கு விற்றால் ரூ. 1,350. ‘நாளைக்கு ரூ. 580 இலாபம்’ என்று அன்பர் மகிழ்கின்றார். அது இலாபமன்று. மாதம் ரூ. 6,000 வாடகை என்றால் நாளொன்றுக்கு ரூ. 200 போயிற்று. மின்சாரம் ரூ. 50, பாக்கெட்டு ரூ. 40, வண்டிக்குப் பெட்ரோல் ரூ. 60. மிச்சம் ரூ. 230. மூன்று கிலோ மாவு விற்காமல் தங்கி மறுநாள் புளித்துப் போனால் அதில் ரூ. 135 குறையும். நிகரம் ரூ. 95. மாதத்துக்கு ரூ. 2,850. விடியற்காலையில் எழுந்து அரைத்த கணவனுக்கும், அரிசி களைந்து ஊறவைத்துப் பாக்கெட்டுக் கட்டிய மனைவிக்கும் சேர்த்து இதுவே கூலி.

அதே 30 கிலோவை, கடையெடுக்காமல் வீட்டிலேயே அரைத்து விற்றிருந்தால் வாடகை ரூ. 200 மிஞ்சும், நிகரம் ரூ. 295 ஆகும், மாதம் ரூ. 8,850. முதலாண்டில் கடை வேண்டாமென்று யாம் சொல்வது இதனாலேயே. (வீட்டில் அரைப்பவர் எந்தக் கட்டண வகையில் மின் இணைப்பு வேண்டுமென்று மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுதல் நலம், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் பெற வேண்டும்.) வாடிக்கை பெருகி நாளைக்கு 60 கிலோ போகுமென்று கண்ட பிறகு கடையெடுத்தால், வாடகை அதே ரூ. 200, விற்பனையோ ரூ. 2,700. சரக்கு ரூ. 1,540, வாடகை, மின்சாரம், பாக்கெட்டு, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து ரூ. 480, தங்கிப் புளிக்கும் நாலு கிலோவுக்கு ரூ. 180. நிகரம் ரூ. 500. மாதம் ரூ. 15,000. மாவு இரட்டித்தது, வருமானமோ ஐந்து மடங்குக்கு மேலாயிற்று. வாடகையென்னும் செலவு விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றாகவே நிற்பதால் வந்த வித்தியாசம் இது.

இனி எமது முறையீட்டுக்கு வருகின்றோம். அந்த 60 கிலோக் கடைக்கு உறவினர் வருகின்றனர். மாமன் வருகின்றார், சித்தி பையனை அனுப்புகின்றார், சங்கத்து அங்கத்தினரும் வருகின்றனர். ‘எழுதிக்கொள், தம்பி’ என்கின்றனர். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ இப்படிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அளவன்று; ஐந்தாறு வீடுகள். நாளைக்கு ரூ. 450. மாதத்தில் ரூ. 13,500. அவர் மாத வருமானமே ரூ. 15,000 என்று சற்றுமுன் பார்த்தோம். கல்லாவில் விழுவது ரூ. 1,500, மற்றெல்லாம் பற்றேட்டில் மையாகக் கிடக்கின்றது. அரிசி மண்டிக்காரர் ஒரு வாரத்துக்கு மேல் பொறுப்பதில்லை. ஆகவே அடுத்த மாதம் உளுந்தைக் குறைக்கின்றார்; மாவின் தரம் கெடுகின்றது; பணங்கொடுத்து வாங்கிய அயலார் வேறு கடைக்குப் போகின்றனர்; பணங்கொடாத உறவினர் மாத்திரம் மிஞ்சுகின்றனர். ஓராண்டுக்குள் கதவடைக்கின்றார். அன்று, ‘அவனுக்கு வியாபாரம் வராது, உத்தியோகத்துக்கே பிறந்தவன்’ என்று தீர்ப்புச் சொல்கின்றவர்களும் நாமே.

அவர் கேட்டு வாங்கக் கூடாதா என்பீர்கள். வேலை போனதனால் ஏற்கெனவே தலைகுனிந்திருப்பவர் மாமனிடம் போய் மாவுப் பாக்கியைக் கேட்பாரா? கேட்டால், ‘அற்பக் காசுக்கு வீடு தேடி வந்துவிட்டான்’ என்ற சொல் கல்யாண வீடுவரையில் நடக்கும். கொடுத்தவர் கூச, வாங்கியவர் கூசாமலிருக்கும் விந்தை இது.

கடனும் நம்பிக்கையும் இல்லாமல் வியாபாரம் ஏது என்று பெரியவர் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். மெய்தான். மண்டிக்காரர் கடைக்காரருக்குக் கொடுக்கும் கடன் வியாபாரக் கடன். அதற்குத் தவணையுண்டு, சிட்டையில் ஏறும், பேரேட்டில் ஏறும், ஐந்தொகை போடும்போது வெளிப்பட்டு நிற்கும், தவணை தப்பினால் அடுத்த மூட்டை வராது. உறவினர் வாங்கும் பற்றுக்குத் தவணையுமில்லை, தப்பினால் தண்டனையுமில்லை. இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதால் மயக்கம் உண்டாகின்றது. உறவினனுக்கு உதவ விரும்புகின்றவர் அயலானைவிட ஒரு நாள் முன்னதாகப் பணத்தைக் கொடுக்கட்டும். அதுவும் இயலாதாயின் வேறு கடையில் வாங்கட்டும். அதுவும் ஓர் உபகாரமே.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய தொழில்களில் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு உங்களுடையது. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவில் கிடக்குமாயின் எந்த மாதம் என்ன மிஞ்சிற்றென்று பிரமதேவனாலும் சொல்ல முடியாது. இரண்டு டப்பா வையுங்கள். உங்கள் கணவரும் நீங்களும் கடைக் கணக்கிலிருந்து மாதச் சம்பளமென்று ஒரு தொகையை எழுதி எடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் கடையிடம் கடன் வாங்கியதாக எழுதுங்கள். கைப்பேசியிலே பணம் வாங்கும் இக்காலத்தில் கடைக்கென்று வேறு வங்கிக் கணக்கு வைப்பது இதைவிட எளிது. நகையைப் பற்றி முன்னமே சொன்னோம்.

சர்க்கார் உதவியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். 2020 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் உத்யம் பதிவு இலவசம். ஆதார் எண்ணைக் கொண்டு தாமே செய்துகொள்ளலாம். இதற்கு ஆயிரம் இரண்டாயிரமென்று வாங்கும் தரகரிடம் போகற்க. 2015-இல் ஏற்பட்ட முத்ரா திட்டத்தில் ரூ. 50,000 வரையிலான கடனுக்குச் சிசு என்று பெயர், ஈடு கேட்கலாகாது. நம் மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்பவர்க்கு ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய்க்கு மேற்படும்வரையில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமன்று, மேலே சொன்ன 60 கிலோக் கடையின் ஆண்டு விற்பனை பத்து லட்சத்தையும் எட்டாது. நண்பருடன் கூட்டுச் சேருகின்றவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளட்டும். 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவாகாத கூட்டின் பங்காளி ஒப்பந்த உரிமைக்காகக் கோர்ட்டில் வழக்காடுவது அநேகமாய் இயலாது. மானியம் கிடைக்கின்றதென்பதற்காகவே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கும் அன்பர்களைக் கண்டால் மாத்திரம் எமக்கு அச்சமாயிருக்கின்றது. மானியம் ஒருமுறை வரும். வாடகை மாதந்தோறும் வரும்.

சங்கம் செய்யத்தக்கது என்ன? பெரிய நிதி திரட்ட வேண்டுமென்று யாம் பிரேரேபிக்கவில்லை. நம் அங்கத்தினரிடையே நாற்பதாண்டு கடை நடத்தியவர்கள் இருக்கின்றனர். வேலை இழந்து தொழில் தொடங்க எண்ணும் ஒருவரை மூன்று மாதம் தம் கடையில் கூலி கொடுத்து வைத்துக்கொண்டு, கொள்முதலையும் கல்லாவையும் காட்டிக்கொடுக்க அவர்களிற் பத்துப் பேராவது முன்வரலாகாதா? தம் கடைக்கு எதிரே கடை வைத்துவிடுவான் என்ற பயம் சிலருக்கிருக்கும். அடுத்த ஊர்க்காரரை வைத்துக்கொண்டாற் பயமில்லை. கணக்கியல் படித்த இளைஞரும் நம்மிடையே குறைவில்லை. புதுக்கடைகளின் ஏட்டை மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்து, இது இலாபம், இது சம்பளம், இது வெறும் பற்று என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்கு அரைமணி வேலை. நஷ்டமென்று கண்டால், முதல் கரையுமுன் நிறுத்திவிடு என்று சொல்லும் தைரியமும் அவர்களுக்கு வேண்டும். ஆறாம் மாதத்தில் நிறுத்துவதில் அவமானமில்லை. இரண்டாம் வருஷத்தில் வீட்டை எழுதிக்கொடுத்து நிறுத்துவதே பெருந்துன்பம்.

பெண் கொடுப்போர்க்கும் ஒன்று சொல்வோம். ‘பையன் எந்தக் கம்பெனியில் வேலை?’ என்று கேட்கின்றீர்கள். கடை வைத்திருக்கிறான் என்றால் முகம் சுருங்குகின்றது. மூன்றாண்டு ஏட்டைக் காட்டக்கூடிய கடைக்காரப் பிள்ளையைவிட மூன்று மாத நோட்டீசில் போகக்கூடிய உத்தியோகம் எவ்வகையில் உறுதியானதென்று யோசிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். நம் சங்கத்தின் ஆண்டு விழாச் சிற்றுண்டிக்கு மாவும் சட்னி சாமான்களும் கொடுத்த அன்பர், சென்ற ஆண்டு ஆலை வேலையை இழந்து தொழில் தொடங்கியவர். விழா நடந்து ஏழு வாரமாயிற்று. அவர் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லையென்று கேள்விப்படுகின்றோம். அவர் நம்மிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். காரியதரிசி அவர்களும் பொக்கிஷதார் அவர்களும் இக்கூட்டம் கலையுமுன் அத்தொகையை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சபையோர்க்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.